பிலோமினா பக்கத்துக் கதவு

ஈப்போவிலிருந்து மண்ணூர் வந்து சேர எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. மண்ணூரிலிருந்து வாலாஜாபாத் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் கடல் ஏதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது, ஒரகடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இந்தப் பக்கத்துப் பெண்தான். கல்யாணமாகி மலேசியா போனவள். ஈப்போவில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் என்னைச் சேர்த்து மரத்தில் மோதியவர்களைக்கூடத் தேர்வில் தேற வைத்திருக்கிறேன். அதனால் எந்த வண்டியைக் கண்டும் எனக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். என் தங்கை வீட்டுக்காரரின் வண்டியில் அதுவரை நான் ஏறியதில்லை.

தங்கை பெயர் பிலோமினா. அவள் கணவர் லூர்துசாமி, மண்ணூரைச் சுற்றியுள்ள ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறார். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம். ஆனால் இந்த முறை பிலோமினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வண்டி வாசலில் நிற்கிற வரைக்கும் வீட்டுப் படி மிதிக்க மாட்டாளாம். லூர்து எனக்குப் போன் போட்டு அழாத குறை. "அக்கா, நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பா" என்றார். விமானம் ஏறிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்த டிரைவர், மண்ணூர் என்றதும் "எந்தக் கம்பெனிம்மா?" என்றார். கம்பெனி இல்லை, தங்கை வீடு என்றேன். அவர் நம்பவில்லை. வழி முழுக்க என்னை ஏதோ வெளிநாட்டு ஆடிட்டராகவே நினைத்து, தன் அக்கா பையனுக்கு ஒரு வேலை கேட்டுக்கொண்டே வந்தார்.

வண்டி வாசலில் நின்றது. வீடு வண்டிக்குப் பின்னால் இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஜன்னல், துளசிச் செடி, மாதா படம் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு, மூன்று வரிசை சீட்டோடு அப்படி ஓர் உருவம். ஊர் திரும்பிய ஒரு ஜப்பான் மேனேஜரிடமிருந்து லூர்து அதைப் பல வருடம் முன்பே வாங்கியிருந்தார். ஒரு துண்டு நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற கையோடு, யாரிடமும் கேட்காமல். தெருவில் அதற்கு ஜப்பான் என்றே பெயர். பால்காரர் வந்து, "அண்ணே, ஜப்பானைக் கொஞ்சம் பின்னால தள்ளு, நான் திரும்பணும்" என்கிறார்.

பிலோமினாவுக்குப் போன் செய்தேன்.

"உன் வூட்டுக்காரரு வண்டிய விக்கிறேங்கிறாரு. அப்புறம் இன்னா?" என்றேன். மண்ணூர் காற்று பட்டதும் என் பேச்சும் மாறிவிட்டது.

"எத்தினி தபா சொல்லிக்கீறாரு! என் ரெண்டு வளையல் அதோட டர்போவுல ஓடிக்கினுகீதுக்கா. அதக்கூட விட்டுட்டேன். என்னை உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போனாரே, அத வுட முடியாது."

அந்தக் கதையை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். வண்டியின் இடது முன்கதவு, அதாவது பிலோமினா உட்காரும் பக்கத்துக் கதவு, உள்ளிருந்து திறக்காது. பல வருடமாகவே அப்படித்தான். லூர்து இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். தெருவில் பார்ப்பவர்கள், பெண்டாட்டிக்கு என்ன மரியாதை என்று நினைத்தார்கள். லூர்துவும் அப்படியே நினைத்துக்கொண்டார். ஒரு நாள் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது, ஃபேன் பெல்ட் கேட்க ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிறுத்தி இறங்கினார். கடைக்காரருக்கும் இவரைப் போலவே பழைய வண்டிப் பைத்தியம். பேச்சு வளர்ந்தது. வெளியே உச்சி வெயில். சாவி இவர் கையில் இருந்ததால் கண்ணாடி இறங்கவில்லை. ஹாரன் வேலை செய்து வெகு காலம். நடுவே இரண்டு கியர் கம்பிகளும் ஒரு பெரிய பெட்டியும் இருந்தன. பட்டுப் புடவையோடும் முட்டி வலியோடும் அவளால் அந்தப் பக்கம் தாண்ட முடியவில்லை. கடைசியில் யாரோ ஒரு இளநீர்க்காரர் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

கேட்டபோது எனக்கே அவர் மேல் கோபம் வந்தது. லூர்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தார். வாலாஜாபாத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கும் தணிகாசலம். மண்டப வாசலில் பார்வையாக நிற்க ஒரு பெரிய வண்டி வேண்டுமாம். ஓட்டப் போவதில்லை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: வண்டி தானாக ஓடி வர வேண்டும், கயிறு கட்டி இழுத்து வந்தால் எடுக்க மாட்டார். நிற்பதற்காக வாங்கும் வண்டி எதற்கு ஓடி வர வேண்டும் என்று நான் கேட்டேன். "அவருக்கும் ஒரு கவுரவம் கீதுல்லக்கா" என்றார் லூர்து.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். முன் சீட்டில் உட்காரப் போனவளை லூர்து தடுத்து, பின் சீட்டைக் காட்டினார். "அது பிலோ எடம்க்கா" என்றார். சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள் ஒரு பெண் பேசினாள். ஜப்பானிய மொழி. தேன் குரல். ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள்.

"சரிம்மா" என்றார் லூர்து.

"யாருக்குச் சொல்றீங்க?"

"வண்டிக்குத்தான். ஸ்டார்ட் பண்ணா வணக்கம் சொல்லும்க்கா. வாங்கின புதுசுல ஒண்ணும் பேசல. அப்பறமா பழகிடுச்சி."

கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் வாடிவிட்டது. லிட்டருக்கு எவ்வளவு கிலோமீட்டர் என்று கேட்பதுதான் முறையாம். டீசல் முள் மட்டும் எங்கள் கண் முன்னாலேயே இறங்கியது. ஸ்ரீபெரும்புதூர் எல்லையில் பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. புகையல்ல, ஆவி. ரேடியேட்டரில் ஓட்டை. லூர்து பதறாமல் பின்னாலிருந்து ஒரு தண்ணீர் கேனைத் தூக்கி வந்து ஊற்றினார். ஹாஸ்டல் பிள்ளைகள் குடிக்கிற அதே தண்ணீர். "குழாத் தண்ணி ஊத்துனா துரு புடிச்சிடும்" என்றார். இரண்டாவது கேன், மூன்றாவது கேன். அதற்கு மேல் கேன் இல்லை.

மஸ்தான் பாய் ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே இருந்தது. வண்டி வருவதைப் பார்த்ததும் அவர் டீக்குச் சொல்லி அனுப்பினார், வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல. கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரேடியேட்டர் ஓட்டை. டர்போ ஹோஸ் விரிசல். கீழ ரப்பர் புஷ் எல்லாம் மாவாகிடுச்சி. ஸ்டியரிங் ஆயில் ஒழுகுது. ரைட்ல ஒடிச்சா பீச்சி அடிக்கும், அதனால லூர்து பாய், லெஃப்ட்லயே திரும்பு."

"எல்லாத்தையும் மாத்திட முடியாதா பாய்?" என்றேன்.

"மாத்தலாம்மா. ஸ்பேர் ஜப்பான்லருந்து வரணும். அது வர்றதுக்குள்ள வேற ஸ்பேர் போயிடும். பேஜார் புடிச்ச வண்டி. ஆனா இன்ஜின் கீதே, ராஜா!"

லூர்து முகத்தில் பத்து வயது குறைந்தது. பிள்ளையைப் பள்ளியில் எல்லாரும் திட்டி, கடைசியில் டிராயிங் வாத்தியார் மட்டும் பாராட்டினால் அப்படித்தான் இருக்கும். நாங்கள் ஷேர் ஆட்டோவில் மண்ணூர் திரும்பினோம்.

இரண்டாம் நாள் காலை மஸ்தான் பாய் ஓட்டையைப் பசை வைத்து அடைத்துக் கொடுத்தார். பசை வாலாஜாபாத் வரைக்கும் தாங்கும், மெதுவாகப் போனால். வேகமாகப் போனாலும் தாங்கும், ஆனால் நடுத்தரமாகப் போகக் கூடாது என்றார். ஏன் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

ஒரகடத்துச் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஈப்போவில்கூட இவ்வளவு அகலமான சாலை கிடையாது. இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள், புல்வெளி, கொடிக்கம்பங்கள். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு நீள நீள லாரிகள் போகின்றன. ஒவ்வொரு முறை அப்படி ஒரு லாரி கடக்கும்போதும் லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வலது பக்கம் ஒடிக்கக் கூடாது என்பதுதான் சிக்கல். வலது பக்கம் போக வேண்டுமானால் இடது, இடது, இன்னொரு இடது என்று சுற்றி வர வேண்டும். நானும் தலையாட்டினேன், கணக்கு சரிதானே. ஆனால் தொழிற்பேட்டையில் ஓர் இடதுக்கும் அடுத்த இடதுக்கும் நடுவே ஒரு முழுத் தொழிற்சாலை இருக்கிறது. டயர் கம்பெனி வாசலை முதல் முறை கடந்தபோது செக்யூரிட்டி எங்களைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை எழுந்து நின்றார். மூன்றாம் முறை சல்யூட் வைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். பெரிய வண்டி, பின் சீட்டில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு அம்மா, இத்தனை தடவை சுற்றிப் பார்க்கிறார்கள் என்றால் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று நினைத்திருப்பார். நான் பதிலுக்குத் தலையசைத்தேன். வேறென்ன செய்வது?

மறுபடி ஆவி வந்தபோது எதிரே ஒரு ஜப்பானிய ஓட்டல் இருந்தது. இந்தப் பக்கம் அவை நிறைய. நிழலும் பார்க்கிங்கும் இருந்ததால் உள்ளே விட்டோம். பரிமாறுகிறவர் மணிப்பூர்க்காரப் பையன், தமிழ் நன்றாகவே பேசினான். லூர்து படம் போட்ட மெனுவை மூடிவிட்டு, "சாப்பாடு ஒண்ணு" என்றார். சோறும் குழம்பும் வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, குழம்பு தித்திக்குது."

"அப்படித்தான் இருக்கும். சாப்பிடுங்க."

"பிலோ வெச்சா இந்நேரம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அதற்கு மேல் சாப்பிடவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேதான் பாதி இறங்கியது.

பக்கத்து மேசையில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு ஜப்பான்காரர், ஜன்னல் வழியே எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாக, தன் அப்பா இதே வண்டிதான் வைத்திருந்தார், ஒரு தடவை உள்ளே உட்காரலாமா என்று கேட்டார். லூர்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைக் கொடுத்தார். அவர் திருப்பினார். அந்தப் பெண் பேசினாள். ஜப்பான்காரர் சட்டென்று நிமிர்ந்து, டாஷ்போர்டைப் பார்த்துச் சின்னதாகத் தலை வணங்கினார்.

"வணக்கம்தானே சொல்லுது?" என்றார் லூர்து.

"இல்லை, இல்லை" என்றார் அவர். பிறகு வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்தார். "இடது பக்க முன்கதவைத் தயவுசெய்து சரிபாருங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும். அவ்வளவுதான் சொல்கிறார். ஹிதாரி என்றால் இடது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிகவும் மரியாதையாகச் சொல்கிறார்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜப்பான்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். லூர்து சுற்றிப் போய் பிலோமினா பக்கத்துக் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா அதத்தான் சொல்லிக்கினு இருந்துச்சா?" என்றார். "நானும் சரிம்மா, சரிம்மான்னு சொல்லிக்கினே இருந்தேனேக்கா."

"பிலோமினாவும் அதைத்தானே சொன்னா?"

"அவளுக்கு நான் சரின்னுகூடச் சொல்லலியே."

மஸ்தான் பாய்க்குப் போன் போட்டதில், ஆறிய பிறகு இன்னொரு தடவை பசை வைக்கலாம், வண்டி அங்கேயே கிடக்கட்டும் என்றார். கதவைப் பற்றி லூர்து கேட்டதும், "அந்த லாக்கு ஜப்பான்லருந்துதான் வரணும்" என்று வைத்துவிட்டார். லூர்துவுக்குத் தெரிந்த ஒரு கம்பெனி பஸ் டிரைவர் எங்களை மண்ணூருக்கு ஏற்றிச் சென்றார். குளுகுளு ஏசி, பஸ் முழுக்க இளைஞர்கள், ஒருவர் விடாமல் தூக்கம். நான் மட்டும் ஐடி கார்டு இல்லாமல் விழித்திருந்தேன். எந்த நிறுத்தத்திலும் யாரும் எழுப்பாமல், அவரவர் இடம் வந்ததும் அவரவர் கண்ணைத் திறந்து இறங்கினார்கள். இதை எங்கள் ஊர் பஸ்ஸில் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள், பாய் மறுபடி பசை வைத்துக் கொடுத்த வண்டியை ஓட்டலிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தணிகாசலம் அன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிலோமினாவோ, வண்டி கை மாறுவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் மண்ணூர் வருவேன் என்று சொல்லியிருந்தாள். சர்வீஸ் ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் நிறுத்தத்துக்கு நேரே வண்டி நின்றது. இந்த முறை ஆவி இல்லை, சத்தம் இல்லை. சாவியைத் திருப்பினால் அந்தப் பெண்கூடப் பேசவில்லை.

"இன்ஜெக்டர் போயிடுச்சி" என்றார் லூர்து. அவருக்கு எப்போதும் பெரிய வியாதிதான் தோன்றும்.

"பேட்டரி" என்றேன் நான்.

"டீசல் வண்டி வேறக்கா, உங்க ஊரு சின்ன வண்டி மாதிரி இல்ல."

நிறுத்தத்தில் ஷிப்டுக்குப் போக இளைஞர்கள் காத்திருந்தார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். லூர்துவின் தண்ணீர் குடிக்கிறவர்கள்தான். வண்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லாரும் கார் கம்பெனியில் வேலை என்றதும் எனக்கு உயிர் வந்தது. நிமிடத்துக்கு ஒரு கார் செய்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா!

"நான் ஹெட்லைட் மாட்டுவேன் அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"நான் பின்பக்க வீல் போல்ட்டு. வலது மட்டுந்தான்."

"எனக்கு சீட் பெல்ட்டு."

"நான் ஸ்டிக்கர் ஒட்டுதேன்."

"இன்ஜின் பாக்கிறவங்க யாரும் இல்லையாப்பா?" என்றேன்.

"இன்ஜின் வேற கட்டிடம்லா" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

நானே பேட்டரியைப் பார்க்கிறேன் என்று ஸ்பேனரோடு போனேன். அவர்களில் லைன் லீடராக இருந்தவர், முருகேசன் என்று பெயர், கையை நீட்டி மறித்தார். "அம்மா, கை வைக்காதீங்க. அது வேற ஸ்டேஷன். அந்த ஆள் வரணும்." தொழிற்சாலை லைனில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயராம். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு விதி என்றால் மரியாதை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

அவரவர் வேலையை ஆரம்பித்தார்கள், ஆனால் கை ஓடவில்லை. ஹெட்லைட் பையன் ஸ்குரூவை வைத்தபடியே நின்றான். வீல் போல்ட் பையன் குந்தி உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தான்.

"என்னல?" என்றார் முருகேசன்.

"நின்ன வண்டியில வேலை செஞ்சு பழக்கமில்லண்ணே. லைன் ஓடணும்."

உடனே நான்கு பேர் பின்னால் போய் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள், அவர்கள் தொழிற்சாலை லைனில் கார்கள் நகர்கிற அதே வேகத்தில். லூர்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வெளியே நடந்தார். வண்டி நகர்ந்ததும் கைகள் ஓடின. வீல் போல்ட்டுகள் முறுக்கப்பட்டன. ஹெட்லைட் நேரானது. சீட் பெல்ட் பையன் ஓடுகிற வண்டிக்குள் ஏறி, மூன்று வரிசையையும் இழுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் குதித்தான். டீக்கடையைக் கடந்தோம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்ட ஸ்டிக்கர் இல்லாததால் ஸ்டிக்கர் பையன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தான்.

கடைசியில் கூச்சத்தோடு ஒருவன் வந்தான். தாடி, கண்ணாடி, நெடுநெடு உயரம். "எனக்கு எடதுபக்க முன்கதவு மட்டுந்தான் தெரியும். அதுல ஒண்ணும் கோளாறு இல்லைல்லா?"

லூர்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். வண்டி ஓரமாகப் போய், புல் மேட்டில் இடித்து நின்றது.

"நீ வாப்பா" என்றார். "மத்தது எதுவும் வேணாம். நீ வா."

அவன் கதவின் உள் அட்டையைக் கழற்றினான். மற்றவர்கள் மறுபடி தள்ளினார்கள். "சின்ன கிளிப்பு ஒண்ணு ஒடைஞ்சிருக்கு. கைப்பிடிக் கம்பியை லாக்கோட சேக்கிற கிளிப்பு. அது கெடைச்சா போதும். பாக்கேன்" என்றவன், வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் ஒரு வெள்ளைக் கிளிப்போடு வந்தான். லாக்கே ஜப்பானிலிருந்து வர வேண்டும் என்று மஸ்தான் பாய் சொன்னது எனக்கு நினைவு வந்தது. கிளிப் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாட்டி முடித்து உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தான். கதவு திறந்தது. லூர்து தானும் ஏறி உட்கார்ந்து, இழுத்து, திறந்து, இறங்கினார். பிறகு மறுபடி. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வண்டி ஓடுமா ஓடாதா என்பதையே அவர் மறந்துவிட்டார்.

அதற்குள் கம்பெனி பஸ் வந்தது. ஷிப்டு முடிந்தவர்கள் இறங்கினார்கள், இவர்கள் ஏறினார்கள். ஏறுகிற அவசரத்திலும் முருகேசன் இறங்கிய ஒருவரின் தோளைத் தட்டி, "பேட்டரி பாக்கி. நீ பாத்துக்கோ" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த ஆள் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானெட்டைத் தூக்கினார், பேட்டரி டெர்மினலை முறுக்கினார், போய்விட்டார். அவ்வளவுதான். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

அந்தப் பெண்ணும் பேசினாள்.

"சரிம்மா" என்று பழக்கத்தில் சொன்ன லூர்து, பிறகு திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "கதவுதான் சரியாகிடுச்சே. இன்னும் இன்னா சொல்லுது?"

கவனித்துக் கேட்டேன். இந்த முறை ஹிதாரி என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் மிகி என்று ஏதோ சொன்னாள். "நன்றி சொல்லுதோ என்னமோ" என்றேன். லூர்துவுக்கும் அது நியாயமாகப் பட்டது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாலாஜாபாத் வந்தோம். மகள் வீட்டு வாசலில் பிலோமினா கைப்பையோடு நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். லூர்து இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி எழும் என்ற நம்பிக்கை இல்லை. பிலோமினா பின் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறப் பார்த்தாள்.

"முன்னால ஏறுடி" என்றேன்.

"இன்னாத்துக்கு? மறுபடியும் உள்ள வெச்சி பூட்டவா?"

"கடைசித் தடவை. எனக்காக ஏறு."

ஏறினாள். கதவு சரியானதை நாங்கள் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மண்டபம் ஊர்க் கோடியில் இருந்தது. தணிகாசலம் வெள்ளை வேட்டியில், நாலு பேரோடு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். வண்டி தன் காலில் ஓடி வருவதைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டினார். லூர்து வண்டியை நிறுத்தினார்.

"இரு பிலோ, வரேன்" என்றார் வழக்கம் போல. தன் பக்கத்துக் கதவுக் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். தோளால் இடித்தார்.

பிலோமினா வழக்கம் போல நேரே பார்த்துக்கொண்டு, அவர் சுற்றி வருவதற்காகக் காத்திருந்தாள். எத்தனை வருடப் பழக்கம்! எனக்கு மனசு தாங்கவில்லை.

"பிலோ, உன் கதவை நீயே திற" என்றேன்.

அவள் நம்பாமல் இழுத்தாள். கதவு திறந்தது. திறந்த கதவையே பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கினாள். கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்து, ஏறி உட்கார்ந்து, சாத்தி, உள்ளிருந்து திறந்து இறங்கினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் நடப்பதைக் கவனித்தாள்.

லூர்து உள்ளே வேர்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் மட்டும் இறங்கி நின்றுவிட்டது. ஹாரனை அழுத்தினார். அது எப்போது அடித்தது, இப்போது அடிக்க? நடுவிலிருந்த இரண்டு கியர் கம்பிகளையும் பெட்டியையும் பார்த்தார், தன் தொந்தியைப் பார்த்தார். எனக்கு அந்தத் தாடிக்காரப் பையனும் அவன் விரல் நுனியிலிருந்த வெள்ளைக் கிளிப்பும் நினைவுக்கு வந்தன. அவனுக்கு இடது முன்கதவு மட்டும்தான் தெரியும். வலது முன்கதவு அவன் ஸ்டேஷன் இல்லை. அதற்கு என்ன ஆனாலும் அவன் கவலைப்பட மாட்டான். மிகி என்றால் வலது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிலோமினா சுற்றி வந்து கண்ணாடி இடுக்கு வழியே பார்த்தாள்.

"பிலோ, வெளியேருந்து தொற" என்றார் லூர்து.

அவள் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, இங்க டீ கெடைக்குமா?"

டீ வந்தது. வண்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஆற்றி ஆற்றிக் குடித்தாள். என் தங்கை சூடாக டீ குடிக்கிறவள், அப்படி ஆற்றி நான் பார்த்ததே இல்லை. தணிகாசலம், பேப்பர் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். லூர்து கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கோபமாக, பிறகு கெஞ்சலாக, கடைசியில் வேறு எப்படியோ.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். "எறங்கு."

இறங்கினார். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்டித்தான் இருந்துச்சா பிலோ?" என்றார்.

"இது சாய்ங்காலம். அது உச்சி வெயிலு."

லூர்து தலையைக் குனிந்துகொண்டார். நான் வந்த நாளிலிருந்து அவர் வண்டியைப் பார்த்துத்தான் குனிந்திருந்தார். மனுஷிக்கு முன்னால் குனிந்தது அதுதான் முதல் தடவை.

பிலோமினா தணிகாசலத்திடம் போனாள். "தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. வண்டிய விக்கல."

"ஏம்மா, மூணு நாளா காத்துக்கினுகீறேன்" என்று அவர் ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வூட்டாண்டயே நிக்கட்டும். ஆனா ஒண்ணு. உன் பக்கத்துக் கதவுல அந்த பாயோ, நீயோ, வேற எவனோ ரிப்பேருன்னு கைய வெச்சீங்கன்னா, மறுநாளு நான் பொண்ணு வூட்டுக்கே வந்துருவேன். சொல்லிட்டேன்."

பிலோமினா முன் சீட்டில் ஏறி, உள்ளிருந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள். லூர்து சுற்றிப் போய் ஏறினார். கிளம்புவதற்காகச் சாவியைத் திருப்பினார். வண்டி எழுந்தது. ஜப்பான் பெண் மரியாதையாக வலது முன்கதவைப் பற்றிச் சொன்னாள், இரண்டு தடவை. லூர்து வாயைத் திறந்தார். அதற்குள் பிலோமினா முந்திக்கொண்டாள்.

"சரிம்மா" என்றாள்.